சுவரில் கட்டி அளந்த தோள்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இரண்டு பேரும், எனக்கு ஒரு கையும் உன் அம்மாவுக்கு இரண்டு காலும் போக, மீதியெல்லாம் சௌக்கியம். நான் சொல்லச் சொல்ல அம்மாதான் எழுதுகிறாள். ஒரு சொல்லையும் குறைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், திட்டு வருகிற இடத்தில் அவள் பேனா தானாக நின்றுவிடும்.

அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கும்போது என் வலது தோளில் தசைநார் கிழிந்ததும் தையல் போட்டதும் உனக்குத் தெரியும். அதற்கப்புறம் நடக்கிற கூத்துதான் தெரியாது. உன் அண்ணன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான், இந்த மாதம் முடிவதற்குள் பலம் அளக்கிற மெஷினில் வலது தோள் பன்னிரண்டு கிலோ காட்டாவிட்டால் அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பானாம். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். ஆனால் அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள். பிசியோதெரபிக்குப் போன முதல் நாள், மலை மாதிரி ஒரு ஆள், உள்ளங்கையில் அடங்குகிற அந்த மெஷினை என் நல்ல கையில், இடது முழங்கைக்கு மேலே வைத்து, மேலிருந்து அமுக்கு அமுக்கென்று அமுக்கினான். கை இறங்குகிற வரைக்கும் விடவில்லை. பன்னிரண்டு வந்தது. வலதும் இந்த அளவு வரணும் என்று நோட்டில் எழுதிவிட்டான். ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அவனே வலதை அதே மாதிரி அமுக்கினான், ஒன்பது. அடுத்த செவ்வாய் அவன் லீவு. ஒல்லியான ஒரு பெண் வந்தாள், என்னை நிற்க வைத்தாள், மெஷினை என் மணிக்கட்டில் வைத்துப் பிடித்தாள், நான் கையைத் தூக்கத் தூக்க அவள் கையே பின்னால் போனது, ஐந்து என்று எழுதினாள். உன் அண்ணன் நோட்டைப் புரட்டிவிட்டு, என்னப்பா ஒம்பதுலேர்ந்து அஞ்சுக்கு வந்துட்டீங்க, வீட்டுல பயிற்சியே செய்யறதில்லையா என்கிறான். எனக்கு வந்த கோபத்தில் தோள் வலிகூட மறந்துவிட்டது.

எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். நாற்பது வருஷம் கிடங்கில் எடைமேடையில் நின்றவன். ஒரே மூட்டையை மூன்று இடத்தில் நிறுத்துவிட்டு மூட்டை இளைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் விட்டிருப்பேனா? அந்தப் பெண்ணிடம் கேட்டேன், ஏம்மா, எடைமேடையை யாராவது கையில பிடிச்சுக்கிட்டு நிறுப்பாங்களா, மேடையே ஆடினா நீ எழுதறது என் பலமா உன் பலமா என்று. கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால் சிரித்துவிட்டாள். தாத்தா, நீங்க சொல்றது சரிதான், மெஷினை பெல்ட்ல கட்டிப் பார்ப்போம் என்றாள். போன வியாழக்கிழமை சுவர்க் கம்பியில் பெல்ட்டைக் கட்டி, மெஷினை அதில் மாட்டி, முழங்கைக்கு மேலே பேனாவால் கோடு போட்டு, முதுகு சாய்கிற நாற்காலியில் உட்கார வைத்து, தடவைக்கு ஒரு நிமிஷம் ஓய்வு கொடுத்து, பெல்ட்டை எதிர்த்துக் கையைத் தூக்கச் சொல்லி மூன்று தடவை அளந்தாள். யாரும் அமுக்கவில்லை, யாரும் பின்வாங்கவில்லை. எட்டு. எட்டேகால். எட்டு. ஒழுங்காக அள, ஒழுங்காக அள என்று கத்தியவன் நான், ஒழுங்காக அளந்தால் எனக்கு எதிராகவே வந்து நிற்கிறது. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் இடது கையையும் அதே பெல்ட்டில் அளக்கச் சொன்னேன். பத்து, மூன்று தடவையும் பத்துதான். என் நல்ல கையே பத்து! இந்த இரண்டு பத்தை வைத்துக்கொண்டுதான் இரண்டு வருஷம் உன் அம்மாவைத் தூக்கினேன். இல்லாத பன்னிரண்டை எட்டவில்லை என்று அவளை ஏன் அனுப்ப வேண்டும்? இதை உன் அண்ணனிடம் சொன்னால், எட்டு எட்டுதானேப்பா என்கிறான். உன் அம்மா அதற்கு மேலே, நான் போயிடறேன், உங்க தோளாவது தேறட்டும் என்கிறாள். இந்த வரியை எழுத மாட்டேன் என்று அடம் பிடித்தாள், எழுத வைத்திருக்கிறேன்.

நீ சொன்னால் அவன் கேட்பான். ஆறு வாரம் பொறுக்கச் சொல். அதே பெல்ட், அதே நாற்காலி, அதே கோடு. அதுவரை தூக்க மாட்டேன், பக்கத்து வீட்டு நர்ஸ் காலையும் மாலையும் வந்து தூக்கிவிடுகிறாள். அப்போதும் பத்து வரவில்லை என்றால் அம்மாவின் பெட்டியை நானே எடுத்து வைக்கிறேன், வாய் திறக்க மாட்டேன். நீ அந்தக் கனமான பையை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு ஓடாதே. பேத்திக்கு முத்தம். எல்லோரும் நல்லா இருங்கள். அண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமைக்குள் பேசு, மறக்காதே.

இப்படிக்கு,
வலது கையால் போட்ட கையெழுத்துடன்,
அப்பா

சிட்டு, இது நான். எட்டைப் பத்து என்று எழுதிவிடட்டுமா, அண்ணனுக்கும் அப்படியே சொல்லிவிடலாமே என்று கேட்டேன். எண்ணில் கை வைக்காதே என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். வலது கை நன்றாகத்தான் மேலே போனது.
அம்மா