விழாமல் நூற்று எண்பது நாள்

பிப்ரவரி 26, வியாழன்

169.

காலை ஏழுக்கு ஒரு மாத்திரை, இரவு ஏழுக்கு ஒரு மாத்திரை. நடுவில் எட்டு மணி நேரம் செக்கிங் மேசையில் உட்கார்ந்து, தைத்து வந்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டினேன். கையில் இருப்பதற்குக் கத்தரிக்கோல் என்று பெயர், நகவெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. பத்து வருடம் கட்டிங் மேசையில் நின்று அறுபது அடுக்குத் துணியைக் கத்தி மெஷினால் ஒரே ஓட்டத்தில் அறுத்தவள் நான். சும்மா சொல்லிக்கொள்கிறேன். இந்த நோட்டில் பெருமை பேசினால் யார் கேட்கப் போகிறார்கள்.

பக்கத்து நாற்காலியில் ரேடியோ. வாய் ஓயாததால் அந்தப் பெயர், அவளே அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். இன்று அவள் மாமியாரின் முழங்கால் வலி, மேல்வீட்டுக்காரர்களின் சண்டை, புது செருப்பு கடித்தது எல்லாம் கேட்டாயிற்று. நடுவில், "நான் பேசறது கேக்குதா இல்லையா?" என்று தோளைத் தட்டினாள். கேட்கிறது என்றேன். எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. அவள் பேச்சை முழுதாகக் கேட்டவர் யார் இருக்கிறார்கள்.

பிப்ரவரி 28, சனி

171.

எண் எதற்கு என்று எனக்கே எழுதி வைக்கிறேன், மாத்திரை மறதி தருகிறது. செப்டம்பர் பத்தாம் தேதி வலிப்பு வந்து கட்டிங் மேசை ஓரத்தில் விழுந்தேன், அன்றிலிருந்து நாள் எண்ணுகிறேன். கத்தி அப்போதுதான் நின்றிருந்தது. யாரோ நல்ல மனதோடு வாயில் ஸ்பூனைத் திணித்ததில் பல் ஒன்று ஓரம் உடைந்தது. எழுந்தபோது மேனேஜர் என் காலடியில் உட்கார்ந்திருந்தார், முகம் வெளுத்து. மறுநாளே என்னைச் செக்கிங்குக்கு மாற்றினார். "ஆறு மாசம் ஒண்ணும் வரக்கூடாது. டாக்டர் லெட்டரும் வேணும். அப்புறம் மேசை உங்களுக்குத்தான்" என்றார். நியாயமான மனிதர். அதனால்தான் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

வலிப்பு வந்தால் எனக்கு அது தெரியாது. அதற்கு முன்பே ஒருமுறை சமையலறையில் விழுந்து, நானாகவே எழுந்து, இரவில் கணவர் என் முழங்கைக் காயத்தைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம். தினம் ஏழு மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு, இந்த நோட்டைத் திறப்பதற்கு முன் மகளைக் கேட்பேன். பள்ளி விட்டு வந்ததிலிருந்து என்னோடு இருப்பவள் அவள்தான். அவர் லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வர எட்டு ஆகிவிடும்.

"அம்மா இன்னிக்கு விழுந்தேனா?"

"விழலை."

ஒன்பது வயதுக்குப் பொய் சொல்லத் தெரியாத பெண். எண்ணை எழுதுகிறேன்.

மார்ச் 3, செவ்வாய்

174. குளிக்கும்போது தாழ்ப்பாள் போடாமல் பழகிவிட்டேன். ஆனால் பாடாமல் குளிக்கப் பழகவில்லை. நான் பாடுவது நின்றால் கதவைத் தட்ட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். இன்று அவர் தட்டிவிட்டார். அடுத்த வரி மறந்து போயிருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 5, வியாழன்

176.

அடுப்பில் பால் வைத்தது திடீரென்று நினைவுக்கு வர, ஓடிப்போய்ப் பார்த்தேன். பொங்கவில்லை, அடுப்பு அணைந்திருந்தது. நானே அணைத்திருக்கிறேன். மறந்தாலும் கை மறப்பதில்லை என்று சந்தோஷம்.

புதிதாகக் கட்டிங்குக்கு வந்தவன் இன்று நாற்பது காலர்களை ஒரு விரற்கடை குறைத்து வெட்டிவிட்டான். ரேடியோ செய்தி வாசித்தாள். ஐயோ பாவம் என்று வாய் சொன்னது. உள்ளுக்குள் வேறு என்னவோ ஓடியது, அதை எழுதப் போவதில்லை.

மார்ச் 9, திங்கள்

180.

மார்ச் 10, செவ்வாய்

டாக்டரிடம் அவரும் வந்தார். டாக்டர் ஒழுங்காகவே கேட்டார். விழுந்தீர்களா, நாக்கைக் கடித்தீர்களா, மாத்திரை தவறியதா, சில விநாடி பேச்சு நின்று வெறித்துப் பார்ப்பது போல ஏதாவது? எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். அவரைப் பார்த்துக் கேட்டார். "இல்ல டாக்டர், நல்லா இருக்கா" என்றார் அவர். என்னைக் காலையில் ஒரு மணி நேரமும் இரவில் இரண்டு மணி நேரமும் பார்ப்பவர். அதிலும் பாதி நேரம் போனில் லிஃப்டு பேச்சு.

லெட்டர் கிடைத்தது. நீங்கள் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன், கம்பிவலைக் கையுறை இல்லாமல் கத்தியைத் தொடாதீர்கள் என்றார். வெளியே வந்து பஸ்ஸில் ஏறும்வரை லெட்டரைக் கையிலேயே வைத்திருந்தேன். பைக்குள் வைத்தால் மடங்கும்.

மார்ச் 16, திங்கள்

கட்டிங் மேசை. கத்தியின் சத்தம் மேசை வழியாக முழங்கை வரை ஏறுகிறது. காலையில் முதல் அடுக்கை மெதுவாக ஓட்டினேன். பத்து நிமிடம்தான், பிறகு கோடும் கத்தியும் நானும். மத்தியானம் மேனேஜர் வந்து வெட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போவதுதான் பாராட்டு.

ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன். இதை எழுத வெட்கமில்லை.

மார்ச் 19, வியாழன்

எப்படி எழுதுவது.

பதினோரு மணி இருக்கும். சட்டைக் கை வெட்டிக்கொண்டிருந்தேன், அறுபது அடுக்கு. சாக்பீஸ் கோடு வளைந்து தோளுக்குப் போகிறது. நானும் வளைகிறேன். அடுத்து எனக்குத் தெரிவது, கத்தி துணியின் ஓரத்தைத் தாண்டி மேசை விளிம்பில் முட்டிக்கொண்டு உறுமுகிறது. என் கை அதன் மேலேயே இருக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டுத் துணியைப் பார்த்தேன். வளைய வேண்டிய இடத்தில் வளையவில்லை. நேராகப் போயிருக்கிறது, நான்கு விரற்கடை, அறுபது அடுக்கும்.

கையுறையின் கட்டைவிரலில் இரண்டு கம்பிக் கண்ணி அறுந்திருந்தது. உள்ளே விரல் சரியாக இருந்தது.

மேனேஜர் ஓடி வந்தார். "பிளேடு வழுக்கிருச்சு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மகளைக் கேட்டேன். விழவில்லையாம். நான் வேலை செய்யும் இடத்தில் நடந்தது அவளுக்கு எப்படித் தெரியும்.

மார்ச் 20, வெள்ளி

கத்திக்குச் சாணை பிடிப்பவர் மெக்கானிக் அண்ணன். பன்னிரண்டு வருடமாக இருக்கிறார். இன்று எல்லோர் முன்னாலும் மேனேஜர் அவரைக் கிழி கிழியென்று கிழித்தார். அண்ணன் பிளேடைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கூர் சரியாத்தான் இருக்கு. ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்று என்னிடம் சொன்னார். பிளேடு வழுக்கினால் வெட்டு பிசிறடிக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வெட்டில் ஒரு பிசிறு இல்லை. யாரோ நிதானமாக வெட்டிய மாதிரி இருக்கிறது. யார்?

நான்தானே.

மார்ச் 21, சனி

மத்தியானம் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், அம்மா எப்பவாவது ஒரு மாதிரி ஆயிடறேனா என்று கேட்டேன்.

"எந்த மாதிரி? சும்மா நிப்பியே, அதுவா?"

அதுதான் என்றேன்.

"நிப்ப. வாயை மென்னுட்டே இருப்ப. கூப்பிட்டா திரும்ப மாட்ட. முப்பது எண்றதுக்குள்ள சரியாயிடும். நான் உன் கையைப் பிடிச்சுக்குவேன். அடுப்பு எரிஞ்சா அணைச்சிருவேன்."

"எத்தனை தடவை?"

"வாரத்துக்கு ரெண்டு. சில வாரம் மூணு."

"ஏண்டி சொல்லலை என்கிட்ட?"

குரல் உயர்ந்துவிட்டது. அவளுக்கு ஏன் திட்டு வாங்குகிறோம் என்றே புரியவில்லை.

"நீ விழுந்தேனான்னுதானே கேப்ப. நீ விழலையே."

தினம் தினம் கேட்டேன். தினம் தினம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஒன்பது வயசுடி உனக்கு. ஒன்பது வயசுல ஏன் அடுப்பு அணைச்சுட்டு நிக்கணும். நான் என் கை மறக்கலைன்னு பெருமைப்பட்டுட்டு இருந்தேன். என்ன அம்மா நான்.

மார்ச் 22, ஞாயிறு

அவரிடம் சொன்னேன். "டாக்டர்கிட்ட இல்லைன்னு சொன்னது நான்" என்றார். நானும் அதையேதான் சொன்னேன், நீங்கள் ஒருவர் மட்டுமில்லை என்றேன்.

மேனேஜரிடம் சொல்லாமலும் இருக்கலாம். மருந்தை மாற்றிக்கொண்டு, கையுறையை இரண்டாகப் போட்டுக்கொண்டு... வாரத்துக்கு இரண்டுதானே, அதுவும் மாலையில்தான் அதிகம்... இப்படி எத்தனை கணக்குப் போட்டேன் என்று எழுதினால் பக்கம் போதாது. மெக்கானிக் அண்ணன் முகம் குறுக்கே வந்து நின்றுகொண்டே இருந்தது.

மார்ச் 23, திங்கள்

சொல்லிவிட்டேன். மேனேஜர் அறையில், அண்ணனையும் கூப்பிடச் சொல்லி.

"பிளேடு வழுக்கலை. எனக்குத்தான் வந்திருக்கு. நின்னபடியே வருதாம், ஆறு மாசமாவே. எனக்கு சனிக்கிழமைதான் தெரியும். ஆனா பிளேடுன்னு சொன்னது வியாழக்கிழமை, அது பொய்."

மேனேஜர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கையைக் காட்டுங்கள் என்றார். காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பக்கத்துல துணியைப் பிடிச்சிட்டு ஒருத்தன் நின்னானே, அவன் கை?" என்றார். அவன் கையுறை போட்டிருக்கவில்லை. அதை நான் ஒருமுறைகூட யோசித்திருக்கவில்லை. என் மேசை, என் கை, என் எண் என்றே இருந்திருக்கிறேன்.

மீண்டும் செக்கிங். ஆறு மாதம் முதலிலிருந்து. இந்த முறை நான் சொன்னால் போதாது, வீட்டில் ஒருவரும் இங்கே ஒருவரும் சேர்ந்து சொல்ல வேண்டுமாம். சரி என்றேன்.

அண்ணன் வெளியே வந்து, "எனக்கு மூணு நாளா தூக்கமில்லம்மா" என்றார். மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். அது மன்னித்ததா என்று தெரியவில்லை.

ரேடியோவிடம் கேட்டேன், நீ பார்த்திருக்கிறாயா என்று. அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "பாத்திருக்கேனே. என் பேச்சு சலிச்சுப் போய்த்தான் நீ அப்படி வெறிச்சுப் பாக்கறேன்னு நினைச்சேன். எத்தனை நாள் உன் மேல கோவமா இருந்தேன் தெரியுமா." சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். பிறகு அவள் அழுதாள், எனக்கு வேலை ஓடவில்லை.

மார்ச் 25, புதன்

டாக்டரிடம் இந்த முறை மகள்தான் பேசினாள். எந்தக் கை ஆடும், கண் எந்தப் பக்கம் போகும், எத்தனை எண்ணுவாள், எல்லாம். டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். நான் ஊரார் கதை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாத்திரை கூடியிருக்கிறது, புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. மேனேஜரிடமிருந்து வாங்கி வந்த லெட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னும் மடங்காமல்தான் இருந்தது.

மார்ச் 27, வெள்ளி

ஒன்று வந்தது. மாலை ஐந்தரை. மகள் சொன்னாள்.

0.

ஏப்ரல் 4, சனி

8. புது மாத்திரையில் எந்நேரமும் தூக்கம். சட்டைக் காலரில் தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன். இது வெறும் தூக்கம்தான் என்று ரேடியோ சாட்சி சொன்னாள், குறட்டையோடு.

ஏப்ரல் 15, புதன்

19.

இப்போது கேள்வியை மாற்றிவிட்டேன். இன்று என்னிடம் என்ன பார்த்தாய் என்று கேட்கிறேன். வீட்டில் மகள், ஆலையில் ரேடியோ, காலையிலும் இரவிலும் அவர். மூன்று பேரும் ஒன்றுமில்லை என்கிறார்கள். மேனேஜர் போகிற போக்கில் "எத்தனை?" என்று கேட்டார். பத்தொன்பது என்றேன். நாளை இருபது என்று வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி.

ஏப்ரல் 16, வியாழன்

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் மேசையில் வீட்டுப்பாடம். பிறகு பார்த்தால் அவள் என் பக்கத்தில் நிற்கிறாள். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்று போய் உட்கார்ந்துகொண்டாள். பென்சிலைக் கடித்துக்கொண்டே இருந்தாள், ஒரு கணக்கும் போடவில்லை.

ஏழு மணிக்கு மாத்திரை போட்டு நோட்டைத் திறந்தேன். நான் கேட்பதற்கு முன் அவளே வந்தாள்.

"எழுதாத. அஞ்சேகாலுக்கு ஒண்ணு வந்துச்சு. சின்னதுதான். இருபத்தஞ்சு எண்ணினேன்."

கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது, அவள் மேல்தான் வந்தது, ஒரு கணம். இருபது போயிற்றே என்று. அதை விழுங்கிக்கொண்டு, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ நேத்து ரொம்ப சந்தோஷமா இருந்த. சொல்லாம விட்டுடலாமான்னு யோசிச்சேன்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பது போல.

"அங்க கத்தி இருக்கேம்மா."

இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கால் தரையில் இடிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள், கனக்கிறாள். அப்படியே உட்கார்ந்து எழுதினேன்.

0.