களைப்பா, கவலையா

மார்ச் 4, செவ்வாய்

நாளை மறுநாள் டயாலிசிஸ் ஓடும்போது மனநல ஆலோசகர் என் நாற்காலிக்கே வந்து பேசப்போகிறாராம். நான் கேட்கவில்லை; டாக்டர் அனுப்புகிறார். எனக்கு வாய் குழறும். சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. எனக்கு மனச்சோர்வு எதுவும் இல்லை. சிறுநீரகம் கெட்டவனுக்கு வரும் களைப்புதான்.
2. இரத்தத்தில் சேரும் கழிவை இயந்திரம் எடுக்கும். பேச்சு எடுக்காது.
3. மகளுக்குப் பாரமாக இருப்பதைவிட டயாலிசிஸை நிறுத்திவிட்டுப் போய்ச் சேர்வது மேல்.

மூன்றாவதைச் சொல்வேனா? சந்தேகம்தான். வேதியியல் நடத்திய காலத்திலேயே, கடைசி வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டால் எனக்கு அடுத்த வாக்கியம் மறந்துவிடும்.

மார்ச் 6, வியாழன்

சொல்லவில்லை.

நாற்காலிகளுக்கு நடுவில் ஒரு திரைகூடக் கிடையாது. பக்கத்து நாற்காலிக்காரர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். கண்ணை மூடிக்கொண்டு, "நீங்க பேசுங்க சார், நான் தூங்கிட்டேன்" என்றார்.

"தூங்கிட்டவரு எப்படிப் பேசறீங்க?" என்றார் ஆலோசகர்.

"கண்ணுக்கு மூடி வச்சவன் காதுக்கு வைக்காம விட்டுட்டாம்மா."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

தூக்கம் உண்டா, பசி உண்டா என்று கேட்டார் ஆலோசகர். இரண்டும் இல்லை என்றேன். இந்த நோயிலும் அப்படித்தான் இருக்கும், மனச்சோர்விலும் அப்படித்தான் இருக்குமாம்.

"அப்ப எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"எனக்கும் இன்னும் தெரியல சார். சேர்ந்து பாக்கலாம்."

தெரியாது என்று சொல்லவா இவ்வளவு படிப்பு? ஆனாலும் அந்தப் பதில்தான் மனத்தில் நிற்கிறது. ஏன்?

மார்ச் 7, வெள்ளி

சாப்பிடவில்லை. களைப்பு — அல்லது அது.

மார்ச் 8, சனி

மூன்றாவதைச் சொல்லிவிட்டேன். ஓட்டுநர் நிஜமாகவே குறட்டை விட்ட தைரியமோ என்னவோ.

ஆலோசகர் பதறவில்லை. டாக்டரோடும் உட்கார்ந்து பேசுவோம், அதுவரை எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்றார். பிறகு, "பாரம்னு பொண்ணு சொன்னாங்களா?"

"சொல்லணுமா என்ன? தெரியாதா?"

"கேட்டீங்களா?"

கேட்பதாவது! எந்த அப்பன் கேட்பான்?

மார்ச் 10, திங்கள்

கேட்டேன். நேராக இல்லை, தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டேன். "டயாலிசிஸுக்கு இனிமே நான் பஸ்ல போய்க்கறேம்மா."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "ஏம்ப்பா, நான் என்ன பண்ணேன்?"

"உனக்குச் சிரமம்..."

"சிரமந்தான். யாரு இல்லன்னா? ஆனா உங்கள உள்ள விட்டுட்டு வண்டியில சீட்டைச் சாய்ச்சுப் படுத்தேன்னா, நாலு மணி நேரம் ஆபீசும் கூப்பிடாது, வீடும் கூப்பிடாது. அப்பாவுக்கு டயாலிசிஸ்னு சொன்னா எல்லாரும் வாய மூடிக்கறாங்க. அதையும் பிடுங்கிடாதீங்க."

அழுதாள். பாதியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது.

நான் பாரமா, சாக்கா? சந்தோஷப்பட வேண்டுமா, கோபப்பட வேண்டுமா? ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறேன் போல. தட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மார்ச் 11, செவ்வாய்

கடைசி அரை மணியில் நர்ஸ் வந்து, "என்ன சார், கழட்டிடலாமா?" என்றார். ஒவ்வொரு முறையும் சீக்கிரம் கழற்றச் சொல்லிக் கெஞ்சுபவன் நான்தானே. வேண்டாம், முழுசாக ஓடட்டும் என்றேன். வெளியே வண்டியில் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஓட்டுநர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

களைப்பு இம்மியும் குறையவில்லை. வீட்டுப் படியேற அவள் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் வேறு ஏதோ ஒன்று சற்றே நகர்ந்திருக்கிறது. கரைசலைத் தாளில் ஊறவிடும்போது ஒன்று நகர்ந்து மற்றது நகரவில்லை என்றால் அதில் இருப்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு. இதை வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

மூன்றாவதைப் பற்றி இன்னும் குழப்பம்தான்; வியாழக்கிழமை பேச வேண்டும். இரண்டாவதும் இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

முதலாவது தவறு.