மரிசேலா ஹீட்டரைச் சரிசெய்த வாரம்

டிக்கின்சன், வடக்கு டகோட்டா
நவம்பர் 19

அன்புள்ள மகன் கர்ட்டுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். கடையும் நலம். அலாஸ்காவில் நீயும் உன் விரல்கள் பத்தும் பத்திரமாக இருப்பதாக நம்புகிறேன்.

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். காகிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கேட்கப் பயப்படும் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மரிசேலா போகவில்லை. குழந்தை பெர்டியும் இங்கேதான் இருக்கிறாள். சனிக்கிழமை தெற்கே பாலைவன ஊரான டூசானிலிருந்து மரிசேலாவின் தம்பி எஃப்ரேன் பெரிய வண்டியோடு வந்தான். ஒரு பெட்டியைக்கூட ஏற்றாமல் திரும்பிப் போனான். இதில் உனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை, எனக்கும் இல்லை. எல்லாம் அவள் செய்தது. நான் செய்ததெல்லாம் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான்.

வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட கையோடு, ஆறு வாரத்தில் வருகிறேன் என்று அலாஸ்கா வேலைக்குக் கிளம்பினாய். இப்போது அஸ்திவாரத்தின் மேல் ஒரு முழம் பனி. பக்கத்தில், நான் விற்கும் சக்கர வீடுகளில் ஒன்றான, கடையிலிருந்து இழுத்துவந்து நிறுத்திய இருபத்தெட்டு அடி டிரெய்லரில் உன் மனைவியும் மூன்று வயதுக் குழந்தையும். பதினைந்தாம் தேதிக்குள் பின்னறையில் பாரன்ஹீட் அறுபத்தைந்து வராவிட்டால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவள் சொன்னது உனக்கும் தெரியும். நீ அதை வெறும் மிரட்டல் என்று நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன புதன்கிழமை அங்கே போனேன். ஹீட்டர் இருக்கும் சமையல் பக்கம் எழுபத்தெட்டு, குழந்தை தூங்கும் பின்னறையில் நாற்பத்தொன்பது. பெர்டி தொப்பி போட்டுக்கொண்டு தூங்குகிறாள், இருமல் வேறு. சுவரோரம் பெட்டிகள் ஒட்டித் தயாராக இருந்தன. நான் கடையில் எல்லாருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன்: முன்பக்கம் தரையில் சூடான காற்று வரும் காற்றுவாய்களை மூடிவிடு, சூடு முழுக்கப் பின்னால் போய்விடும். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவருகிற யோசனை.

"அதை மூடி ஒரு வாரம் ஆகுது அத்தே. மூடினதுலேருந்து ஹீட்டர் அஞ்சு நிமிஷம் எரியுது, அப்புறம் அணைஞ்சு வெறும் குளிர்காத்தா ஊதுது. ஊரு முழுக்க இதையேதான் சொல்லி விக்கிறீங்களா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மணல்காட்டில் பிறந்தவர்களுக்கு எங்கள் குளிர் ஒத்துக்கொள்ளாது, யார் மேலும் தப்பில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்னது தப்புதான். அவள் அழவில்லை. கையில் இருந்த ஒட்டுநாடாவைக் கீழே வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

"குளிருக்குப் பயந்து ஓடிட்டாள்னு நீங்க ஒருத்தரும் பேசக் கூடாது. முதல்ல இதைச் சரி பண்றேன். அப்புறம் போறதா இருக்கறதான்னு நானே முடிவு பண்ணிக்கிறேன்."

கர்ட், இந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படி. நான் அதை யோசித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. 'ஆஸ்பத்திரியில் வேலை' என்று பாதியோடு நிறுத்திக்கொள்வேன். அங்கே ஆள் உயரத்தில் நிற்கும் ஒன்பது டிரையர்களும் அவள் பொறுப்பில்தான் ஓடுகின்றன என்பது எனக்கு இந்த வாரம்தான் தெரிந்தது. மறுநாள் வேலை முடிந்து வந்ததும் பெர்டியை என் மடியில் உட்காரவைத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டு பேசினாள்: "சூடு இருந்தா மட்டும் துணி காயாது அத்தே. உள்ள போற காத்து வெளிய வந்தாத்தான் காயும். வழி அடைச்சா மிஷின் தன் சூட்டுலயே தான் வெந்து நின்னுடும். இதுவும் அதே சாதிதான்."

முன்பக்கக் காற்றுவாய்களை எல்லாம் திறந்துவிட்டாள். ஹீட்டர் காற்றை இழுக்கும் சல்லடையை மறைத்துக்கொண்டு செருப்பு அலமாரி நின்றது. அதை அங்கே வைத்தவள் நான். பிறகு கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். பின்னறைக்குப் போகும் வளைகுழாய் அப்பளம்போல் நசுங்கிக் கிடந்தது. அதன்மேல் என்ன இருந்தது தெரியுமா? உன் பளுதூக்கும் தட்டுகள். தூக்குகிறேன் தூக்குகிறேன் என்று வாங்கி, தூக்காமல் விட்டுப்போன நூற்றறுபது பவுண்டு இரும்பு.

அவள் ஒவ்வொன்றாக வெளியே உருட்டிவிட்டு, "வாங்கின நாள்லேருந்து இன்னிக்குத்தான் இதுக்கு உடற்பயிற்சி" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று என்று இருவருக்குமே தெரியவில்லை.

புதுக் குழாய் நான் கடையிலிருந்து கொண்டுபோனேன். வேண்டாத சுருளை வெட்டி நேராக இழுத்து, மூட்டுகளில் அலுமினிய நாடா சுற்றினாள். ஹீட்டர் அணையாமல் எரிந்தது. பின்னறை ஐம்பத்தெட்டுக்கு ஏறியது. அதற்குமேல் அசையவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை அந்த ஐம்பத்தெட்டிலேயே நின்றது. எஃப்ரேன் பாதி வழி வந்துவிட்டதாகப் போன் செய்தான். போதும் விடு, மின்சார ஹீட்டர் ஒன்று தருகிறேன் என்றேன். "இங்க இருக்கிற வயர் அதைத் தாங்காம தீப்பிடிக்கும். அதைக் குழந்தை பக்கத்துல வெச்சுட்டு நான் தூங்கவா?" என்றாள்.

பிறகு அவள் செய்ததுதான் என் புத்திக்கு எட்டாத வேலை. கழிப்பறைக் காகிதத்தில் ஒரு கீற்றுக் கிழித்துப் பின்னறைக் காற்றுவாய்க்கு மேலே பிடித்தாள். கதவு திறந்திருந்தால் காகிதம் படபடத்தது. கதவைச் சாத்தினால் தொய்ந்து விழுந்தது. இரண்டு தடவை திறந்தாள், இரண்டு தடவை சாத்தினாள். "சூடு வராம இல்ல அத்தே. உள்ள இருக்கிற குளிர்க் காத்து வெளிய போக வழியில்ல, அதான் சூட்டுக் காத்தால உள்ள வர முடியல" என்றாள். குழந்தை தூங்க வேண்டுமே என்று அந்தக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். கதவோ தரையைத் தொட்டுக்கொண்டு இருந்தது.

கதவைக் கழற்றி இரண்டு நாற்காலிமேல் போட்டோம். நான் பிடித்துக்கொண்டேன். அடியில் இரண்டு விரல் அகலம் அறுத்தாள். என் கடைச் சரக்கை என் கண்ணெதிரே ஒருத்தி அறுக்கிறாள், நான் "கொஞ்சம் இடப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

சனிக்கிழமை காலை வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு. கதவு சாத்திய பின்னறையில் அறுபத்தேழு. பெர்டி போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு, தொப்பி இல்லாமல் குப்புறத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எஃப்ரேன் பத்து மணிக்கு வந்தான். கோட்டைக் கழற்றினான். கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரையும் கழற்றினான். பனியனோடு உட்கார்ந்து அவள் சுட்ட டோர்ட்டியா ரொட்டியை ஐந்து தின்றுவிட்டு, "இங்க உறைஞ்சு சாகறேன்னு சொல்லித்தானே ரெண்டு நாள் வண்டி ஓட்ட வெச்சே? நம்ம வீட்டைவிட இங்க புழுங்குதேக்கா!" என்றான். அவள் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். அவன் விளையாட்டை விட்டுவிட்டு, சரி, என்ன முடிவு என்று கேட்டான். நான் பாத்திரம் கழுவுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கேன். குளிர் ஒரு காரணமா இருந்துச்சு, அது போயிருச்சு. மிச்சம் இருக்கிற காரணம் ஒண்ணுதான். அதை நான் ஸ்க்ரூடிரைவர் வெச்சுச் சரி பண்ண முடியாது" என்றாள்.

திங்கட்கிழமை கடைக்கு வந்ததும் பழைய ரசீதுகளைப் புரட்டி, போன வருஷம் என்னிடம் டிரெய்லர் வாங்கிக் குளிர்காலத்தையும் அதிலேயே கழிக்கும் பதினொரு பேருக்கும் போன் செய்தேன். காற்றுவாயை மூடச் சொன்னது என் தப்பு, திறந்துவையுங்கள், கதவுக்கடியில் இடைவெளி விடுங்கள் என்றேன். அவர்களில் ஒருவரான கிழவர் ஹால்வர்சன், "ஆர்லிஸ், தப்புன்னு உன் வாயாலயா சொல்ற? உடம்புகிடம்பு சரியில்லையா?" என்றார். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டார். என் மருமகள், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தையே நடத்துகிறவள் என்றேன். முழுசாகத்தான் சொன்னேன்.

இனி உன் விஷயம். நான் வியாபாரி, சுற்றி வளைத்துப் பேச மாட்டேன். உங்கள் கம்பெனியில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை எல்லாரையும் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று, உன்னோடு வேலை செய்யும் கூப்பர் பையனின் அம்மா சொன்னாள். அவன் மூன்று தடவை வந்துவிட்டுப் போய்விட்டான். நீ ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்காகச் சம்பாதிக்கிறேன் என்று மட்டும் இனிமேல் எனக்கு எழுதாதே. மரிசேலாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. கூப்பர் பையன் வந்துபோனதை அவள் கண்ணாலேயே பார்த்திருப்பாள். நீ வராததைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் முதல் வாரத்தில் கிளம்பு. முதலில் அவளைக் கூப்பிட்டுச் சொல், என்னை அல்ல. வந்ததும் உன்னிடம் இருக்கும் சாவியைப் போட்டுத் திறக்காதே. வெளியே நின்று கூப்பிடு. அவள் திறக்கட்டும்.

மூன்று பேரும் ஒரே கூரையின்கீழ் நன்றாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

உன் அம்மா,
ஆர்லிஸ்