சொல்லாமல் விட்ட சட்டை

இன்று காலை பெட்டியைத் திறந்ததும் உன் சட்டையிலிருந்து ஏலக்காய் வாசம் எழுந்தது. உன் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. ஏலத்தோட்டத்தில் சேலைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டுதான் காய் பறிப்பாய். என்ன நிறம், எங்கே கிழிசல் என்று இங்கே சொல்ல மாட்டேன்.

தோட்ட வேலைக்குப் போடிமெட்டு ஏறும் ஜீப்பில் நான் கதை அளந்துகொண்டே வருவேன். வழியை மறித்த காட்டெருமையில் தொடங்குவேன். கதை டிரைவர் கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்துவிடும். நீ தோளில் இடிப்பாய். "எருமை இன்னும் ரோட்டுலயே நிக்கிதுக்கா. வெரசா ஓட்டிவிடு."

அந்த ஜீப்பில்தான் ஒருநாள் என் காதில் சொன்னாய், காசு கட்டிப் பார்க்கிறவர்களுக்காக முகம் காட்டாமல், துணியில்லாமல் உன்னையே படம் எடுத்து நெட்டில் போடுகிறாய் என்று.

"தப்புன்னு நெனைக்கிறியாக்கா?"

"ஒன் உடம்பு, ஒன் சோலி. ஒங்க ஆத்தா காதுக்குப் போயிராம பாத்துக்க."

பிறகு மதுரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். உன்னைப் போன்றவர்களின் பாடுகளை நெட்டில் எழுதுகிறவள். "பேரு வேணாம், ஊரு வேணாம், மூஞ்சி வேணாம்" என்றாய். மூன்றையும் காப்பாற்றினாள். ஆனால் எழுத்து அழகாக இருக்கட்டுமென்று உன் சட்டையைக் கிழிசல்வரை எழுதிவிட்டாள். ஏலச்செடி ஆளை மறைக்கும் உயரம். உள்ளே முகம் தெரியாது, சட்டையைப் பார்த்துத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். அது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஜீப்பில் ஒருவன் அதைப் போனில் வாசித்துவிட்டு உன்னைப் பார்த்தான். "இந்தச் சட்டைய எங்கயோ பாத்திருக்கேனே, மதினி?" யாரும் சிரிக்கவில்லை. நீ கையைக் கட்டிக் கிழிசலை மறைத்தாய். மறுநாள் சட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறினாய். அங்கே காய்ச்சலில் போய்விட்டாய் என்ற செய்திதான் திரும்பி வந்தது.

போன வாரம் அந்தப் பெண் மறுபடி வந்தாள். நிஜமாகவே அழுதாள். "அவங்கதான் இல்லையேக்கா. இப்பவாவது பேரு, போட்டோ போட்டு மரியாதையா எழுதுறேனே?"

"அவ இல்ல தாயி. பெத்தவ இருக்கா. அவகிட்டச் சம்மதம் கேக்கவும் முடியாது, கேட்டாலே தெரிஞ்சுரும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

உன் ஆத்தா முன்னால் மட்டும் ஊர் இன்னும் வாய் திறக்கவில்லை. சாயங்காலமானால் என் வாசலுக்கு வந்துவிடுகிறாள். "ஊர்க்கதையெல்லாம் சொல்ற. எம்மக ஏன் திடீர்னு போனான்னு மட்டும் சொல்ல மாட்டேங்குறியே?"

இன்றும் வருவாள். எருமைக் கதையைத்தான் எடுப்பேன். அது ரோட்டிலேயே நிற்கும். ஓட்டிவிடச் சொல்ல நீ இல்லை.