இருபத்தைந்து மீட்டர் தடம்

மார்ச் 3

பத்தாம் வகுப்புக்கு இன்று விசை, நிறை, முடுக்கம் தொடங்கியிருக்க வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லி வேறு பாடம் எடுத்தேன். இருபது வருடமாக நடத்துகிற பாடம். கரும்பலகையில் ஒரு வண்டி வரையக் கை வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஓட்டிய வேன் மோதி இன்றோடு ஆறு நாள். தையல்கடை அம்மாவுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. மெஷின் மிதிக்கிற கால். இவர் எல்லோரிடமும் ஒன்றையேதான் சொல்கிறார்: "நாப்பதுலதான் வந்தேன். அந்தம்மாதான் திடீர்னு குறுக்க வந்துட்டாங்க."

நம்புகிறேன். நம்பத்தானே வேண்டும்?

மார்ச் 4

பள்ளிக்கு வேறு வழியாகப் போயிருக்கலாம். போகவில்லை. மோதிய இடத்தில் டயர் தேய்ந்த கறுப்புத் தடம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆள் இல்லாத நேரம் பார்த்து அடி வைத்து அளந்தேன். இருபத்தைந்து மீட்டர். அந்த அம்மா விழுந்தது ஏறத்தாழ இருபதாவது மீட்டரில்.

எதற்கு அளந்தேன்?

மார்ச் 5

கொழுந்தனார் வந்தார். "அண்ணி, வண்டி நிறைய டைல்ஸ். அந்த லோடுதான் இழுத்துட்டுப் போயிருக்கு. விசாரணைல அதைத்தான் சொல்லப்போறோம். நீங்க ஃபிசிக்ஸ் டீச்சர், நீங்களே சொல்லுங்க, சரிதானே?"

தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

மார்ச் 6

இன்னும் கணக்குப் போடவில்லை.

மார்ச் 9

இனியும் தள்ளிப்போட முடியாது; தேர்வு வருகிறது. பலகையில் எழுதினேன்: இரண்டாயிரம் கிலோ வண்டி. சக்கரங்கள் பூட்டிக்கொண்டு சறுக்குகிறது. உராய்வு விசை பதினாறாயிரம் நியூட்டன். இருபத்தைந்து மீட்டரில் நிற்கிறது. எவ்வளவு வேகத்தில் வந்தது? மணிக்கு நாற்பதில் வந்திருந்தால் எத்தனை மீட்டரில் நின்றிருக்கும்?

வேறு எண் போட்டிருக்கலாம். கை அதைத்தான் எழுதியது.

முன் பெஞ்சு வாயாடிதான் முதலில் எழுந்தாள். "விசையை நிறையால வகுத்தா எட்டு டீச்சர். அப்போ வேகம் நொடிக்கு இருபது மீட்டர். மணிக்கு எழுபத்திரண்டு! நாப்பதுல வந்திருந்தா எட்டு மீட்டர்லயே நின்னிருக்கும்."

"வண்டியில ஆயிரம் கிலோ லோடு இருந்தா?" என்றும் கேட்டேன்.

"நிறை கூடினா உராய்வும் அதே கணக்குல கூடுமே டீச்சர். வகுத்தா திரும்பவும் எட்டுதான். லோடு இருந்தாலும் இல்லேன்னாலும் எழுபத்திரண்டுதான்."

"சரி, உட்காரு."

எட்டு மீட்டர். அந்த அம்மாவுக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.

சாயங்காலம் கணக்கு எழுதிய தாளை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். "தாள்ல எல்லாம் சரியா வரும். ரோட்டுல வந்து ஓட்டிப் பாரு."

"லோடு காரணமில்லைங்க."

"நீ எனக்குப் பொண்டாட்டியா, வாத்தியாரா?"

தாளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினேன். பிறகு அவரே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "டைல்ஸ் கடைக்காரன் போன்ல கத்திக்கிட்டே இருந்தான். சீக்கிரம் வா, சீக்கிரம் வான்னு. அந்தம்மா பாதி ரோடு தாண்டிட்டாங்க. நான்தான் பார்க்கல."

அழவேண்டியது யாரு? அவரா, நானா? ஒண்ணும் புரியல.

மார்ச் 10

"நாளை மறுநாள் விசாரணைல நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன்" என்றேன். சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் என்று தெரியவில்லை.

மார்ச் 11

கொழுந்தனார் வாசலோடு திரும்பிப் போனார். நான் சொன்னதை இவர் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 12

விசாரணை. தையல்கடை அம்மாவின் அக்கா ஒரு பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி எதிரே உட்கார்ந்திருந்தாள். அதிகாரி கேட்டதும் இவர் எழுந்தார். கொழுந்தனார் சட்டையைப் பிடித்து இழுத்ததைத் தட்டிவிட்டார்.

"எழுபதுக்கு மேல வந்தேன் சார். அவங்க மேல தப்பில்ல."

அந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேற்கொண்டு வழக்கு.

பஸ்ஸில் திரும்பினோம். என் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நின்றே வந்தார்.