பம்பரின் வலது கொம்பு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். திட்ட ஆரம்பித்தால் இதை மறந்துவிடுவேன் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறார், ஒவ்வொரு படியையும் எண்ணிக்கொண்டே ஏறுகிறார். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை எனக்குக் கை நீளம், மடித்துப் போட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் நம் காரின் முன்பக்க பம்பரைக் கழற்றினேன். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் இப்போது பம்பரின் மேல் நிமிர்ந்து நிற்கும் அந்த இரண்டு கொம்புகளையும் எடுத்துவிடுகிறார்களாம், வழவழவென்று இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று முலாம் பூசுகிறவர் சொன்னார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. இடது கொம்பு சமர்த்தாக வந்துவிட்டது. வலது கொம்பின் போல்ட் துருப்பிடித்து அடம் பிடித்தது, அப்பா டார்ச் பிடித்தார், பிடித்த கையோடு யோசனையும் சொன்னார், போய் உட்காருங்கள் என்றேன். ஒரு வழியாகக் கழன்றது. பம்பருக்கும் அதைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவே ஒரு கனமான வாஷர் இருக்க வேண்டும். இடது பக்கம் வாஷர்தான் இருந்தது. வலது பக்கம் இருந்தது உன் மெடல். கல்லூரியில் நீளம் தாண்டி வாங்கினாயே, அதே மெடல், நடுவில் ஓட்டை போட்டு. பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்றாயே, அதைத் தேடி டெப்போவுக்கு நடையாய் நடந்தேனே, அங்கே இருந்தவர் பாவம் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாரே!

மெடல் கிடக்கட்டும். அந்த வருடம் நான் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, பிரேக் வேலைக்கு விட்டிருந்த காரைப் பட்டறையிலிருந்து நீதான் எடுத்து வந்தாய். திரும்பி வந்து பார்த்தால் வலது கொம்பு ஒரு விரற்கடை சாய்ந்து நிற்கிறது. பட்டறையிலிருந்து எடுக்கும்போதே அப்படித்தாம்மா இருந்துச்சு என்றாய். பெற்ற பிள்ளை சொன்னால் நம்பாமல் இருப்பேனா? அந்தப் பட்டறைக்காரர், எதற்கெடுத்தாலும் முக்கால் ஸ்பேனர் கேட்பதால் நாம் முக்கால் என்றே கூப்பிட்ட மனுஷன், என்னை வாய் நிறைய அக்கா என்றவர், அவரை நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். இடித்தது போதாதென்று மறைக்க வேறு பார்த்தீர்களா என்றேன். பம்பர்ல நான் கையே வைக்கலக்கா என்றார், ஒரே ஒரு தடவை. சொல்லிவிட்டு உன்னைப் பார்த்தார். நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய். வாம்மா போகலாம் என்றாய். அம்மா தெருவில் சத்தம் போட்டது பிள்ளைக்கு அவமானமாக இருக்கிறது என்று நினைத்து, வரும் வழியில் உன்னிடம் மன்னிப்பு வேறு கேட்டேன்!

செவ்வாய்க்கிழமை மெடலை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு. பட்டறை பாதியாகிவிட்டது, மறுபாதியில் ஒருவர் டயர் விற்கிறார். நம் குடியிருப்பிலிருந்து அவரிடம் போய்க்கொண்டிருந்த மூன்று கார்களும் என் பேச்சைக் கேட்டுத்தானே வேறு இடம் போயின. மெடலைப் பார்த்ததும் சிரித்தார். எனக்கு அன்னைக்கே தெரியுமே மேடம், கேட் தூண்ல இடிச்சிட்டேன், வாஷர் எங்கயோ தெறிச்சுப் போச்சுன்னு தம்பி இங்கதான் ஓடி வந்துச்சு, அந்த அளவு வாஷர் நாளைக்குத்தான் கிடைக்கும்னேன், அம்மா சாயங்காலம் வந்துடுவாங்கன்னு இதை நீட்டுச்சு, ஓட்டை போட்டுக் கொடுத்ததே நான்தான், மாட்டினது தம்பி, சொல்லிடாதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிச்சு என்றார். பின்னே நான் அவ்வளவு பேசும்போது ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள் என்று கேட்டேன். தம்பியே சொல்லும்னு இருந்தேன் என்றார். மேடம் என்றார், கவனித்தாயா? அக்கா போய்விட்டது.

நான் மன்னிப்புக் கேட்டேன். சரிங்க என்றார். முலாம் பூசி வந்ததும் பம்பரை நீங்களே மாட்டித் தர வேண்டும் என்றேன். வேற எந்த வேலைன்னாலும் கொண்டாங்க, பம்பர்ல மட்டும் நான் கை வைக்க மாட்டேன் என்றார். எனக்கு வேண்டும், நன்றாக வேண்டும். காரை இடித்ததற்கு இரண்டு நாள் கத்தியிருப்பேன், மூன்றாம் நாள் மறந்திருப்பேன். என் வாயாலேயே ஒரு நல்ல மனுஷனை அடிக்க வைத்து, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாயே, அதை எந்த நாளில் மறப்பது? உன்னை எவ்வளவு நம்பினேன்டா.

பம்பர் பளபளவென்று வந்து சோபாவுக்குப் பின்னால் போர்வைக்குள் கிடக்கிறது. கொம்பு இல்லாமல்தான் மாட்டப் போகிறோம், மாட்டப் போவது நீ. லீவு சொல்லிவிட்டு வா. அவர் பட்டறை வாசலில், ஆட்கள் இருக்கிற நேரமாகப் பார்த்து மாட்டு, மாட்டிக்கொண்டே நடந்ததைச் சொல். இந்தத் தடவை நான் பக்கத்தில் நின்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. உறைக்குள் கனமாக இருப்பது உன் மெடல், வரும்போது மறக்காமல் எடுத்து வா. வலது பக்கத்துக்கு நான் புது வாஷர் வாங்கவில்லை.

உன்னைப் பெற்ற,
இன்னும் ஆறாத,
அம்மா