வடம் தொய்ந்தது, தேர் நிற்கவில்லை

என் உயிரான அண்ணனுக்கு,

நீ போய்ப் பத்து வருஷம் ஆகிறது. ஒவ்வொரு திவசத்துக்கும் இலை போட்டு உன்னைக் கூப்பிடுகிறோம். வந்து சாப்பிடுகிறாயா, தெரியவில்லை. ஆனால் மற்ற நாட்களிலும் நீ வருகிறாய், அது எனக்கு மட்டும் தெரியும். வகுப்பு முடிந்து ஃபேனை அணைப்பேன். அணைத்த பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். நிற்கிறவரை என்னால் வாசலைத் தாண்ட முடியாது. வீட்டிலும் இதே கதைதான். "ஃபேனுக்குக் காவல் இருக்கீங்களே, அது இன்னா எழுந்து ஓடிடவா போவுது?" என்று என் மனைவி கேலி செய்வாள். நான் சிரித்து வைப்பேன்.

உனக்குச் சொல்லச் செய்திகள் இருக்கின்றன. நான் இப்போது பாண்டியில், சாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். நீ மில்லில் டபுள் ஷிப்டு பார்த்துப் படிக்கவைத்தது வீண்போகவில்லை என்று தெருவில் சொல்கிறார்கள். வீட்டுக்கு வீடு டிவி ஆன்டெனா முளைத்துவிட்டது. நம் அம்மன் தேருக்கு அடுத்த வருஷம் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் போடப்போகிறார்களாம். பத்து வருஷத்துக்கு முன்னால் போட்டிருக்கக் கூடாதா?

அப்போது ஏது பிரேக்? உன் கையிலிருந்த முட்டுக்கட்டைதான். தெருமுனையில் திரும்ப வேண்டுமென்றால் முதலில் தேர் நிற்க வேண்டும். நின்றதும் நீ சக்கரத்துக்கு உள்பக்கம் போய்க் கட்டையை வைக்க வேண்டும். அந்தக் கனத்தைத் தோளில் தாங்கிக் குனிந்தால் உனக்குச் சக்கரம் தெரியாது. அதனால் வெளியே ஒருவன் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் அந்த வேலையை நான் கெஞ்சி வாங்கினேன்.

"வடத்தப் பாக்காதடா. சக்கரத்தப் பாரு," என்று மூன்று தடவை சொன்னாய்.

"தெரியும்ணா. நான் பிசிக்ஸ் படிக்கிறேன்," என்றேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முனையில் மேளம் காதைப் பிளந்தது. இழுத்தவர்கள் கையைத் தளர்த்தினார்கள். விறைப்பாக இருந்த வடம் தொய்ந்து தரையில் படிந்தது. நான் அதைத்தான் பார்த்தேன். இழுப்பது நின்றுவிட்டது, அப்படியானால் தேரும் நின்றிருக்கும். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது. "நின்னுடுச்சு, போடுண்ணா!" என்று கத்தினேன்.

தேர் இன்னும் ஒரு முழம் உருண்டது.

அதற்கு முந்தின வாரம்தான் நிலைமம் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஓடுகிற பொருள் தானாக நிற்காது, எதிராக ஒரு விசை வந்துதான் அதை நிறுத்த வேண்டும் என்று. வடத்தை விட்டபின் தேரைத் தடுக்கத் தரையின் உராய்வு ஒன்றுதான் மிச்சம். அத்தனை கனத்தை அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிறுத்தும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை, அண்ணா. எட்டாவதோடு படிப்பை விட்ட உனக்கு அது கையிலேயே தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வேனில் உன் தலை அண்ணியின் மடியில் இருந்தது. "நின்னுடுச்சுன்னாங்களே," என்று இரண்டு தடவை முனகினாய். உன் காலருகே நான் உட்கார்ந்திருந்தேன். 'தம்பி சொன்னான்' என்று நீ சொல்லவில்லை. மேளச் சத்தத்தில் அது என் குரல் என்று தெரியவில்லையா? இல்லை, தெரிந்தும் மறைத்தாயா?

நீ போன மறுநாள் தெருப் பெரியவர்கள் என்னைக் கேட்டார்கள். "நீ குரல் குடுத்தியாடா?"

"நான் சொல்றதுக்குள்ள அண்ணன் குனிஞ்சிட்டாரு," என்றேன்.

அந்தப் பொய்யை நான் நட்டேன். மற்றவர்கள் தண்ணீர் ஊற்றினார்கள். "அனுபவப்பட்டவன் எதுக்கு முந்திக்கிறான்? ஊத்திக்கினு வந்திருப்பான்," என்று ஆரம்பித்துவைத்தவர், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் கோடி வீட்டு சொல்தா. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆனால் என் வாயைத் திறந்திருக்கலாம். காப்பு கட்டிய நாளிலிருந்து நீ சாராயக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அண்ணி முதலில் எல்லோரோடும் சண்டை போட்டார். பிறகு மெல்ல மெல்ல அவரும் நம்பிவிட்டார். "ஒரு கிளாஸ் குடிச்சிருப்பாரு போல. அம்மன் பொறுக்கல," என்கிறார். தேர் நாளன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுகிறார்.

உன் மகள் செல்வி, நான்கு வயதில் நீ விட்டுப்போன குழந்தை, இப்போது ஒன்பதாவது. என் வகுப்பில்தான் இருக்கிறாள். பள்ளியில் என்னைச் சார் என்றுதான் கூப்பிடுவாள்.

நேற்று நிலைமம் பாடம். வருஷா வருஷம் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "தேர் ஓடிக்கிட்டிருக்கு. வடத்தை விட்டுட்டோம். தேர் என்ன ஆகும்?"

"நின்னுடும் சார்!" என்று வகுப்பே கத்தியது. வருஷா வருஷம் இதே பதில்தான். ஒவ்வொரு தடவையும் நாற்பது தொண்டையிலிருந்து என் குரல் வருகிறது.

உடனே நிற்காது என்று விளக்கினேன். செல்வி எழுந்து நின்றாள்.

"நின்னுடுச்சுன்னாங்களேன்னு அப்பா வேன்ல சொன்னாராம், அம்மா சொல்லியிருக்காங்க. அது யாரு சித்தப்பா? யாரு அவருகிட்ட சொன்னது?"

பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நிலைமம் என்று எழுதினேன். அதற்கு மேலேயே அந்த வார்த்தை ஏற்கெனவே இருந்தது.

நாளை தேர். அண்ணி கதவைச் சாத்துவதற்கு முன்னால் போய்விடுவேன், இது சத்தியம். செல்வியையும் பக்கத்தில் உட்காரவைத்து, சொன்னது நான்தான் என்பேன். அண்ணன் குடிக்கவில்லை, முந்திக்கொள்ளவும் இல்லை, தம்பி பேச்சை நம்பினார் என்பேன். பிறகு முனைக்குப் போய் அந்தப் பெரியவர்களிடமும் சொல்வேன். செல்வி மறுபடி என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாளா? கூப்பிடாவிட்டாலும் போகட்டும். அவள் அப்பா அவளுக்குத் திரும்பக் கிடைக்கட்டும்.

எவன் சொல்லை நம்பிக் குனிந்தாயோ, அந்த உன் தம்பி,
குமரவேலு